பெருவிரலின் உள்பக்கம்

அந்த அக்கா எதையும் மிதித்துப் பார்த்துத்தான் நம்புவார். கண்ணால் பார்த்தது போதாது, பிறர் சொன்னது போதவே போதாது. கடையில் பாய் வாங்கினால் விரிக்கச் சொல்லி அதன் மேல் ஏறி நிற்பார். எங்கள் தெருக் கோயிலுக்குப் புதிதாக சிமெண்ட் தளம் போட்டார்கள். கொத்தனார் "காஞ்சிருச்சு, உள்ள வாங்க" என்று சொன்ன பிறகும் அவர் வாசலிலேயே நின்று, வலது காலின் பெருவிரலை மட்டும் நீட்டி அழுத்தினார்.

"மேலதான் காஞ்சிருக்குது. உள்ள ஈரம். இன்னும் நாலு நாளு யாரையும் வுடாத."

கொத்தனார் சிரித்தபடி கரண்டிக் காம்பால் ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினார். காம்பு இறங்கியது. அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

அக்காவின் பெயரை எழுதவில்லை. மகள் பெருமுக்கல்லில் குடும்பமாக இருக்கிறாள். அவளுக்குப் பிடிக்காமல் போகலாம்.

மரக்காணம் உப்பளத்தில் பதினோரு வருஷம் நான் அந்த அக்காவுக்குப் பின்னால் மிதித்தேன். மழை விட்டுத் தை பிறந்ததும் நாங்கள் பாத்திகளில் இறங்குவோம். மழைத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகியிருந்தால் அதன் மேல் உப்பு வெள்ளையாக உட்காரும். பலகையால் வாரும்போது மண் கிளம்பாது. இறுகாத தரையில் விளைகிற உப்பு சேற்று நிறத்தில் வரும், அதை யாரும் தொட மாட்டார்கள். எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் தடத்தை அடுத்தவர் மிதித்தபடி நகர்வோம். ஒரு பாத்திக்கு இத்தனை நாள் என்று கிடையாது. முன்னால் போகிறவர் ஓர் இடத்தில் நின்று, தரை இறுகிவிட்டது என்று கண்டு "ஆச்சி" சொல்ல வேண்டும். சொன்னதும் மூலையில் ஒரு பனை மட்டையை நடுவோம். மட்டை நட்ட பாத்தியில் தண்ணீர் பாய்ச்சும் வரை ஒருவரும் கால் வைக்கக் கூடாது. மேஸ்திரிகூட வரப்பிலேயே நின்றுகொள்வார்.

முன்னால் போனவர் அக்கா. அந்தச் சொல் அவருடையது. நான் பார்த்த பதினோரு வருஷத்தில் அவர் சொன்ன பாத்தி எதுவும் பொய்த்ததில்லை.

வரிசையில் இருந்த ஒரு பெண் ஒருமுறை கேட்டாள், "எப்டிக்கா தெரியுது ஒனக்கு? எனக்கு எல்லாத் தரையும் ஒண்ணாதான் இருக்குது."

"நீ குதிகால்ல கேக்குற. குதிகாலு ஒடம்பு கனத்தையும் சேத்து சொல்லும். இது சொல்லாது பாரு" என்று வலது காலைத் தூக்கிப் பெருவிரலின் உள்பக்கத்தைக் காட்டினார்.

காட்டிய கால் பார்க்க நன்றாக இருக்காது. பெருவிரல் மற்ற விரல்களின் மேல் சாய்ந்து கிடக்கும். அதன் அடிமுட்டி வெளியே எலுமிச்சங்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டு இருக்கும். அந்த முட்டிக்கு அக்கா வைத்த பெயர் மருமகன்.

"கூப்புடாம வந்தான். வந்து குந்திக்கினான். எடம் வுட்டுத்தான் ஆவணும்" என்பார். வலி அதிகமான நாளில், "மருமவன் இன்னிக்கு மொறைக்கிறான்" என்று சொல்லிவிட்டு வரப்பில் கொஞ்ச நேரம் நிற்பார். எந்தச் செருப்பும் அந்தக் காலுக்குச் சேராது. புதுச் செருப்பு வாங்கியதும் பிளேடால் பக்கத்தில் ஓர் ஓட்டை வெட்டுவார். அதன் வழியாக முட்டி வெளியே எட்டிப் பார்க்கும். பஸ்ஸில் ஒருவர் அதை மிதித்துவிட்டார். அக்கா கத்தவில்லை. "பாத்து சாமி, மருமவன் கோவக்காரன்" என்றார். மிதித்தவர் அக்கம்பக்கம் மருமகனைத் தேடினார்.

நிஜமான மருமகன் வந்த கதையும் இருக்கிறது. மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெருமுக்கல்லுக்குப் போனோம். தூக்குவாளி, தட்டு எல்லாம் தூக்க நானும் போயிருந்தேன். காப்பி கொடுத்தார்கள். அக்கா குடிக்காமல் எழுந்து பின்பக்கம் போனார். கழிப்பறைக்குப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். திரும்பி வந்து, "பையனப் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல. சமையக்கட்டு பின்னால தரை எளகுது. மழைக்கு அந்தச் செவுரு நிக்காது. அதக் கட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க, பொண்ணு தர்றேன்" என்றார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் சுவரைக் கட்டினார்கள். பெண்ணும் போனாள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வரிசையில் ஏழு பேரும் நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் கேட்டுக்கொண்டு மிதிப்பேன். அக்கா என்னைப் பூட்டு என்று கூப்பிடுவார்.

"ஏம்பா பூட்டு, பொண்டாட்டிகிட்டயாவது வாயத் தொறப்பியா? இல்ல, அங்கயும் சைகதானா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னைக் கேலி செய்ததும் அவர்தான். எங்கே போனாலும் கூட அழைத்ததும் அவர்தான்.

கடல் தண்ணீர் ஊருக்குள் வந்த வருஷம், கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் எங்கள் பாத்திகளில் கறுப்பு வண்டலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. வழித்துப் போட்ட பிறகு அந்தத் தையில் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டியிருந்தது. அக்காவின் முட்டி சிவந்து, தோல் பிய்ந்து, உப்புத்தண்ணீர் பட்டு ஆறாமல் போயிற்று. அப்போதும் வரிசையின் முன்னால்தான் போனார். நொண்டிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். அக்கா மாத்திரை வாங்கத்தான் போனார். வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார், தலையெல்லாம் நரைத்தவர். அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா வெட்கப்பட்டுக் காலை இழுத்தார். டாக்டர் விடவில்லை. அவர் சொன்னதைக் கூட இருந்த நர்ஸ் தமிழில் சொன்னார்.

"எலும்பு வளரலைங்க. சாஞ்சிருக்குது. விரல் உள்ள சாயச் சாய, பின்னாடி எலும்பு இந்தப் பக்கம் தள்ளிட்டு வருது. பெருசா அறுக்க வேணாம். நெல்லு அளவுக்கு ரெண்டு மூணு தொளை. அது வழியா சின்னக் கருவிய விட்டு, எலும்ப வெட்டி நேரா வெச்சிடுவாரு. கம்பி, ஆணி எதுவும் இல்ல. கட்டுதான் புடிச்சு நிறுத்தும். அன்னிக்கே நடந்து போவலாம்."

"அறுக்காம உள்ள எப்டிப் பாப்பாரு?"

"எக்ஸ்ரே படம் டிவி மாதிரி ஓடும். அதுல பாத்துக்கினே செய்வாரு."

அக்கா யோசித்தார். "படத்தப் பாத்தே தெரிஞ்சிருமா அவருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நர்ஸுக்குப் புரியவில்லை.

உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக் காலத்தில் முடியாது, மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்திருக்கும்போது வருகிறேன் என்றார். டாக்டரும் அந்தச் சமயம் திரும்ப வருவதாகச் சொன்னார். ஐப்பசி பிறந்ததும் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. அவருக்கு வீட்டுக்காரர் இல்லை. மகள் அப்போது நிறைமாதம்.

ஆஸ்பத்திரி பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில், ஆரோவில் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. சின்ன ஆஸ்பத்திரி. நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, "படிச்சுக் காட்டுங்க, புரிஞ்சதும் ரேகை வைக்கட்டும்" என்றார். நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தேன். சீழ் பிடிக்கலாம், விரல் மறுபடி சாயலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே, விரலில் உணர்ச்சி குறையலாம், சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம் என்று இருந்தது.

"உணர்ச்சின்னா?" என்றார் அக்கா.

"மரத்துப் போவும்."

"மரத்துப் போனா உப்பு எரியாதே. நல்லதுதான்."

எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. உப்பளத்தில் கால் எரியாத ஒரு நாளுக்கு யாரும் எதையும் கொடுப்பார்கள். அக்கா ரேகை வைத்தார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டரிடம் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து வந்து நின்றது. உள்ளே நடந்ததை அக்காதான் பிறகு சொன்னார். கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டார்களாம். டிவியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லித் தன் எலும்பையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். கடைசியில் அந்தத் துளை வழியாக டாக்டர் எதையோ பிதுக்கியிருக்கிறார். அது என்ன, காட்டு என்று அடம் பிடித்து வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"எலும்பு மாவுப்பா. வெள்ள வெளேர்னு, மொத வாரு உப்பு மாதிரி நொசநொசன்னு இருந்துச்சி. எங் கால்ல அத்தினி நல்ல உப்பு."

கட்டோடு, கெட்டியான அடிப்பாகம் வைத்த ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேதான் வெளியே வந்தார். வாசலுக்கு வந்ததும் நின்று அந்தக் காலை ஊன்றி ஊன்றிப் பார்த்தார்.

"கீழ தரையே இல்லப்பா" என்றார்.

"ஊசி, அக்கா. சாயங்காலம் சரியாப் பூடும்னு நர்ஸ் சொன்னாங்க."

சாயங்காலம் உணர்ச்சி வந்தது, வலியும் வந்தது. வாராவாரம் கட்டு மாற்ற நான்தான் கூட்டிப்போனேன். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். விரல் நேராக இருந்தது. மருமகன் இருந்த இடத்தில் மூன்று சின்னப் புள்ளிகள். அன்றைக்கே மரக்காணம் கடைத்தெருவில் செருப்பு வாங்கினார். ஓட்டை போடாத செருப்பு. கடை வாசலில் மூன்று முறை முன்னும் பின்னும் நடந்தார். "மருமவன் வூட்டக் காலி பண்ணிட்டான்" என்று கடைக்காரரிடம் சொன்னார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்கழியில் கடைசியாக ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஊருக்குப் போய்விட்டிருந்தார். நர்ஸ் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

பெருவிரலின் உள்பக்கத்துக்கு வந்தபோது, பஞ்சு தொடுவதற்கு முன்பே அக்கா "தெரியுது" என்றார். நர்ஸ் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

வரும் வழியில், ரோட்டோரக் கடையில் டீ குடிக்க நின்றோம். என் கிளாஸ் சூட்டில் கை நழுவி டீ அவர் காலில் கொட்டியது. விரல் சிவந்தது. அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "மத்த எடமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அந்த ஒரு பக்கந்தான்."

"நர்ஸாண்ட சொல்லலாம்கா. திரும்பிப் போலாம்."

"சொன்னா இன்னா செய்வாங்க? வரும், காத்திருன்னுவாங்க. நீ இத ஒருத்தர்கிட்டயும் சொல்லாத. மேஸ்திரி காதுல வுழுந்திச்சி, என்ன வரப்புல குந்த வெச்சிருவாரு. இருவத்தாறு வருசமா முன்னால போறேன். ஒங்கிட்ட சொன்னா வெளிய போவாது."

நான் தலையாட்டினேன்.

தை பிறந்தது. இறங்கினோம். நொண்டாமல் நடக்கும் அக்காவை எல்லாரும் பார்த்தார்கள். "இன்னாக்கா, கொமரி மாதிரி போற" என்றாள் ஒருத்தி. "பின்னாலயே வா, ஒனக்கும் ஒரு மாப்ள பாக்குறேன்" என்றார் அக்கா. அந்த வருஷம் வலி இல்லாமல் மிதித்தார். வேகமாகவும் மிதித்தார்.

முதல் இரண்டு பாத்தியிலும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில், அவர் தடத்தில் நான் காலை வைத்தபோது குதிகால் ஒரு நூல் இறங்கியது. ஒரு நூல்தான். நான் நின்றேன்.

"இன்னாப்பா?" என்று திரும்பினார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

அவர் வலது பெருவிரலைத் தரையில் அழுத்தினார். வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்தினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர் இருந்தோம். அவர் பார்த்தது என்னை. நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆச்சி" என்றார்.

மட்டையை நான்தான் நட்டேன்.

என் கால்தான் தப்பு என்று அப்போது நினைத்தேன். பதினோரு வருஷம் பொய்க்காத கால் அவருடையது. அடுத்த பாத்தியிலும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு அடுத்ததில் எதையும் நினைக்கவில்லை. அவர் விரலை அழுத்துவார், என்னைப் பார்ப்பார், சொல்வார். நான் மட்டையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவேன்.

பங்குனியில் முதல் உப்பு வாரினோம். ஒன்பது பாத்தியில் ஐந்தில் பலகை தரையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. உப்பு வண்ணான் துறைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. மேஸ்திரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"இது யாரு ஆச்சின்னது?" என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

"நான்தான்" என்றார் அக்கா.

மேஸ்திரி நல்ல மனுஷர். சத்தம் போடவில்லை. "வுடுக்கா. ஆபரேசன் பண்ண காலு. வயசும் ஆயிடுச்சி. இனிமே குமிக்கு ஓலை போடு. நெழல்ல குந்தி வேல செய்."

"உப்பளத்துல ஏதுங்க நெழலு?" என்றாள் வரிசையில் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஐந்து பாத்தியையும் வடித்து, வெயிலில் மறுபடி மிதித்தோம். முன்னால் வேறொருவர் போனார். அக்கா கரைமேட்டில் உப்புக் குவியல்களுக்குப் பனை ஓலை மூடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வரிசை தெரியும். அவர் பார்த்ததாக எனக்குத் தெரியாது. கால் நன்றாக இருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. டாக்டர் சொன்னதெல்லாம் நடந்திருந்தது.

சித்திரையில் ஒரு நாள் மேஸ்திரி என்னை ஓலை மூடும் வேலைக்கு அனுப்பினார். நானும் அக்காவும் ஒரே குவியலின் இரண்டு பக்கம் நின்றோம். அவர் ஓலையை விரிக்க, கயிற்றை எறிய, நான் இழுத்து முடிச்சுப் போட்டேன். பாதிக் குவியல் மூடியாயிற்று.

"ஒனக்குத் தெரிஞ்சிதில்ல?" என்றார்.

"எதுக்கா?"

"தரை."

பொய் சொல்ல வரவில்லை. "தெரிஞ்சிது" என்றேன்.

"எத்தினியாவது பாத்தியில?"

"மூணாவதுலயே."

அவர் கயிற்றை எறிந்தார். நான் பிடித்து இழுத்தேன்.

"ஏன் சொல்லல?"

"நீதான் சொல்லாதன்ன."

"விரலு மரத்துப் போனதச் சொல்லாதன்னேன். தரை எளகுதுன்னு சொல்லாதன்னா சொன்னேன்?"

குரலில் கோபம் இல்லை. ஒரு பாத்திக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஒவ்வொரு தபாவும் ஒன் மூஞ்சிய எதுக்குப் பாத்தேன்? அழகா இருக்குதுன்னா?"

நான் கயிற்றை இறுக்கினேன். இது நடந்து பதினெட்டு, பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவர் தன் விரலை விட்டு என் காலைக் கேட்டிருக்கிறார். யார் சொன்னாலும் நம்பாதவர். நான் தலையை அசைத்திருந்தால் போதும்.

"ஓல குடு" என்றார். கொடுத்தேன். குவியலை முழுதாக மூடிக் கட்டினோம். முடிந்ததும் அக்கா தன் பக்கத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அது அவர் எப்போதும் செய்கிறதுதான். பிறகு குவியலைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் விலகி நின்றேன். நான் போட்ட முடிச்சுகளையும் முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக, பலமாக, இழுத்துப் பார்த்தார்.